கிட் வாங்கும் முன் சைக்கிளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்தச் சைக்கிளையும் அரை மணி நேரத்தில் எலக்ட்ரிக் சைக்கிளாக்கலாம் என்ற விளம்பரத்தைப் பெங்களூரில் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் பார்க்கிறோம். மோட்டார் வைத்த சக்கரம், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர், பேட்டரி, வேகம் கூட்டும் த்ராட்டில் எல்லாம் "கிட்" என்று ஒரே பெட்டியில் வருகின்றன. பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டி ஒயரைச் சொருகினால் ஓடத்தான் செய்யும். ஆனால் எல்லாச் சைக்கிளும் இதைத் தாங்காது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்படி மாற்றிய சைக்கிள் பழுதுக்கு வரும்போது மோட்டார் செத்திருப்பது அபூர்வம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் வாய் அகன்றிருக்கும், ஸ்போக்ஸ் அறுந்திருக்கும், பிரேக் பிடிக்காது, பேட்டரி பாதி வழியில் கைவிட்டிருக்கும். மோட்டார் எத்தனை வாட் என்று விசாரிப்பதற்கு முன் சைக்கிள் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே எங்கள் வாதம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் டீ கேன், காய்கறி, துணி மூட்டை ஏற்றிப் பிழைப்பவர்கள் இதில் ஆர்வம் காட்டுகிறார்கள். கையில் இருக்கிற காசைப் போட்டுச் செய்யும் வேலை என்பதால் சற்று விளக்கமாகவே எழுதுகிறோம்.

முதல் தகராறு ரிம் அளவில். கிட்டோடு வரும் "26 இஞ்ச்" சக்கரம் பெரும்பாலும் மலைச்சைக்கிள் அளவு, அதாவது 559 மி.மீ. ரிம். பெண்கள் ஓட்டும் சாதாரண சைக்கிளில் இருப்பதும் "26 இஞ்ச்"தான். ஆனால் 26 × 1 3/8 டயர் போட்ட அந்த ரிம் 590 மி.மீ. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஆரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். புதுச் சக்கரத்தை மாட்டியதும் பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரில் உரசும். ராடு பிரேக் வைத்த பழைய கனமான சைக்கிள் 28 × 1 1/2. அதன் ரிம் 635 மி.மீ. டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559, 40-635 என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். கோட்டுக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்கம்தான் ரிம் அளவு. கடைக்குப் போகும்போது இஞ்ச் கணக்கு சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்லுங்கள். பழைய ரிம்மிலேயே மோட்டாரைக் கோத்துவிடலாம் என்றால் துளைகளை எண்ண வேண்டும். சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரில் பெரும்பாலும் 36 துளை. பழைய ராடு பிரேக் சைக்கிளில் முன் ரிம்முக்கு 32, பின் ரிம்முக்கு 40. பொருந்தாது. 36 துளையுள்ள ரிம் தனியாக வாங்கியாக வேண்டும்.

அடுத்தது ஆக்சில் உட்காரும் வாய். இதில்தான் உயிர் போகும் தவறு நடக்கிறது. மோட்டாரின் ஆக்சில் 12 மி.மீ. கனம், இரண்டு பக்கமும் சீவி 10 மி.மீ. தட்டையாக்கியது. சாதாரண சைக்கிளின் முன் ஃபோர்க் வாயோ 8 அல்லது 9 மி.மீ. உள்ளே நுழையாததால் அரத்தை எடுத்து ராவுகிறார்கள். ராவலாம், ஆக்சில் சறுக்கிக்கொண்டு நுழையும் அளவுக்கு மட்டும், இரண்டு பக்கச் சுவரிலும் சமமாக. கொஞ்சம் லொடலொடவென்று விட்டால் தொலைந்தது. சாதாரணச் சக்கரத்தில் ஆக்சில் சும்மா நிற்கிறது, ஹப் அதைச் சுற்றி ஓடுகிறது. ஹப் மோட்டாரில் அப்படியில்லை. மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளத் தள்ள, ஆக்சில் பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். 35 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையை அந்த 10 மி.மீ. தட்டைப் பரப்பு தாங்க வேண்டும். கணக்குப் போட்டால் வாயின் உதடுகளை விரிக்கும் விசை 300 கிலோவை ஒட்டி வரும். இரும்பு ஃபோர்க் மெல்ல அகலும், பார்த்தால் தெரியும். அலுமினிய ஃபோர்க் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். ஆக்சில் ஒருமுறை சுழன்றுவிட்டால் அதற்குள்ளிருந்து வரும் ஒயர் முறுக்கிக்கொண்டு அறும், மூன்று கனத்த ஒயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கன்ட்ரோலர் போகும். முன் சக்கரமானால் அது கழன்றே விழும்; ஓட்டுபவர் முகம் தரையில்தான்.

இதற்கு மருந்து டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டை. ஆக்சிலின் தட்டைப் பகுதியில் கச்சிதமாக நுழைந்து, மறுமுனை ஃபோர்க் காலில் கிளிப் போட்டு நிற்கும். முன் மோட்டாருக்கு இரண்டு பக்கமும் போடுங்கள். காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. நட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். 12 மி.மீ. ஆக்சில் நட்டுக்கு 18 அல்லது 19 ஸ்பேனர், கைப்பிடி நீளமாக இருக்க வேண்டும். பல் வைத்த வாஷரின் பல், ஃபோர்க் வாய்க்குள் உட்கார வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது இருந்தும் பயனில்லை. சில ஃபோர்க்குகளில் வாயைச் சுற்றி ஒரு வரம்பு எழுந்து நிற்கும். நட்டு அதன் மேல் ஏறிச் சாய்ந்து உட்காரும். கைக்கு இறுகியதுபோல இருக்கும், 50 கி.மீ. ஓடியதும் தளர்ந்துவிடும். எதுவானாலும் முதல் 50 கி.மீ. முடிந்ததும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வைத்த மலிவுச் சைக்கிளில் முன் மோட்டார் வேண்டவே வேண்டாம்.

எங்களைக் கேட்டால் பெங்களூருக்குப் பின் மோட்டார்தான். அல்சூர் ஏரிப் பக்கமிருந்து எம்.ஜி. ரோட்டுக்கு ஏறுவதுபோல ஏற்ற இறக்கம் நிறைந்த ஊர் இது. ஏறும்போது பாரம் பின்னால் சாய்வதால் முன் சக்கரம் இலேசாகி, மழை ஈரத்தில், ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட் மேல் வழுக்கும். பின் மோட்டாருக்கும் சிக்கல் உண்டு: அதன் அகலம் 135 மி.மீ., கியர் இல்லாத நம் சைக்கிளின் பின்பக்க இடைவெளி 110 முதல் 120. இரும்பு ஃபிரேமை இரண்டு பக்கமும் சமமாக விரிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் விரிந்தால் சக்கரம் நடுவில் நிற்காது, செயினும் கோணலாக ஓடிப் பல்லைத் தின்னும். அலுமினிய ஃபிரேமை விரிக்கவே கூடாது.

ஸ்போக்ஸ் விஷயம். மோட்டாரின் ஹப் பெரிது, அதனால் கம்பி குட்டையாகவும் சாய்வாகவும் போகும். பின்னால் பாரம், கீழே நம்மூர் ஸ்பீட் பிரேக்கர்கள். சரியாக இழுத்துக் கட்டாத கம்பி ஒவ்வொரு குலுக்கலுக்கும் தளர்ந்து தளர்ந்து வளைவில் அறும். ஒன்று அறுந்தால் பக்கத்துக் கம்பிகளும் வரிசையாகப் போகும். 12 அல்லது 13 கேஜ் தடித்த கம்பி போட்ட சக்கரமாக வாங்குங்கள், 100 கி.மீ.க்குள் ஒருமுறை கோட்டம் எடுத்துவிடுங்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரே கணக்கு. 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளை நிறுத்துவதற்கும் 25 கி.மீ. வேகத்தில் போவதை நிறுத்துவதற்கும், பிரேக் கட்டை உறிஞ்ச வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 2.8 மடங்கு வித்தியாசம். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை நாளில் ராடு பிரேக் பிடிப்பதை நம்பி மோட்டார் வைப்பது வீம்பு. அலுமினிய ரிம்மும் வி-பிரேக்கும், அல்லது டிஸ்க் பிரேக்கும் போட்ட பிறகே மற்றது. கிட்டோடு வரும் பிரேக் லீவரில் இரண்டு ஒயர் இருக்கும். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்த அது. பழைய லீவரே நன்றாக இருக்கிறதே என்று இதை மாட்டாமல் விடுகிறார்கள். த்ராட்டில் கொஞ்சம் சிக்கிக்கொண்டால், ஒரு கை பிரேக்கோடும் மறு கை மோட்டாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டியதுதான்.

இனி மோட்டார். கியர் வைத்தது, கியர் இல்லாதது என்று இரண்டு வகை. கியர் இல்லாதது கனம். பேட்டரி தீர்ந்த பின் பெடல் மிதித்தால் பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல இருக்கும். கியர் வைத்தது 2 முதல் 2.5 கிலோதான், உள்ளே ஃப்ரீவீல் இருப்பதால் மிதிக்கத் தடையில்லை, ஏற்றத்திலும் இழுக்கும். வாங்கும்போது வாட்டோடு ஆர்பிஎம்மும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதும், கேளுங்கள். 26 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.07 மீட்டர் ஓடும். 201 ஆர்பிஎம் மோட்டார் பாரமில்லாமல் 25 கி.மீ. வேகம் காட்டும், 328 ஆர்பிஎம் மோட்டார் 40 கி.மீ. தாண்டும். இரண்டாவதைப் பார்த்து மயங்காதீர்கள். 100 கிலோ மொத்த எடையோடு நூற்றுக்கு 5 ஏற்றத்தில் 15 கி.மீ. வேகத்தில் ஏற, உருளும் தடை, காற்றுத் தடை எல்லாம் சேர்த்து சுமார் 270 வாட் வேண்டும். 250 வாட் மோட்டாரும் கொஞ்சம் காலும் சேர்ந்தால் சரியாகப் போகும். வேக மோட்டாரோ ஏற்றத்தில் மெதுவாகச் சுற்றும்போது மின்சாரத்தைக் குடித்து அதைச் சூடாக்கித்தான் கொடுக்கும். உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரங்கள் இளகிப் பல் உதிர்வது இப்படித்தான். டீ கேன், மூட்டை ஏற்றுபவர்களுக்குக் குறைந்த ஆர்பிஎம் மோட்டார் மட்டுமே. ஏற்றத்தில் த்ராட்டிலை முறுக்கிக்கொண்டு சும்மா உட்காராமல் நாலு மிதி மிதிக்கவும் வேண்டும்.

பேட்டரி, மோட்டாரையும் கன்ட்ரோலரையும் சேர்த்ததற்கு ஈடான விலை. ஏமாற்று வேலையும் இங்கேதான் அதிகம். 36 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரி என்றால் 3.6 வோல்ட் செல்கள் 10 வரிசை. முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும். வரிசைக்கு 2.5 ஆம்பியர் மணி செல் நான்கு போட்டால் 10 ஆம்பியர் மணி, 40 செல், 360 வாட் மணி. கூட மிதித்தால் கிலோமீட்டருக்கு 8 முதல் 12 வாட் மணி செலவாகும். ஆக, 30 கி.மீ. நிச்சயம் எதிர்பார்க்கலாம். த்ராட்டிலிலேயே ஓட்டினால் 20 கி.மீ.க்கு மேல் போனால் அதிர்ஷ்டம். வீட்டு மின்சாரத்தில் ஒருமுறை முழு சார்ஜுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 3 ரூபாய் ஆகாது.

தண்ணீர் பாட்டில் அளவுக்கு அழகாக வரும் 5 ஆம்பியர் மணி பேட்டரியில் என்ன கோளாறு? அதில் வரிசைக்கு இரண்டே செல். கன்ட்ரோலர் 15 ஆம்பியர் இழுக்கும்போது ஒவ்வொரு செல்லும் 7.5 ஆம்பியர் கொடுக்க வேண்டும்; சாதாரண செல் திணறிவிடும். நான்கு செல் வரிசையில் அதே பாரம் 3.75 ஆம்பியர்தான். மேம்பாலம் ஏறும்போது மீட்டர் பாதி காட்டிக்கொண்டிருக்க, வண்டி சட்டென்று அணைந்து, நின்று கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உயிர் பெறுவது இதனால்தான். பாரம் ஏறியதும் வோல்டேஜ் 31க்குக் கீழே சரிகிறது, கன்ட்ரோலர் துண்டித்துவிடுகிறது. கடைக்காரர் மோட்டாரைக் குறை சொல்லி மாற்றித் தருவார், நோய் அப்படியே இருக்கும். சின்ன பேட்டரிதான் வேண்டும் என்றால் 7 ஆம்பியர் கன்ட்ரோலரோடு வாங்குங்கள்.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தெடுத்த செல்லுக்குப் புது நீல உறை போட்டு விற்பவர்கள் உண்டு. உறைக்குள் ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வயது; பலவீனமானது முதலில் காலியாகி, முதலில் நிரம்பி, முதலில் சூடாகும். செல்லில் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்திருக்க வேண்டும். சாலிடர் போட்டிருந்தால் சூட்டில் செல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். செல்களைக் கண்காணித்து ஆபத்து வந்தால் துண்டிக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் இல்லாத பேட்டரியைத் தொடாதீர்கள். செல்லுக்கு ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தரப் பதிவு உண்டா என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் விற்பவரின் முகமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

சார்ஜரைக் கலந்துவிடாதீர்கள். 36 வோல்ட் லித்தியம் அயானுக்கு 42 வோல்ட், 12 வரிசை லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 43.8, 48 வோல்ட் லித்தியம் அயானுக்கு 54.6. பிளக் மூன்றுக்கும் ஒரே மாதிரி இருக்கலாம். ஓட்டி வந்த சூட்டோடு சொருகாமல் அரை மணி நேரம் ஆற விடுங்கள். 2 ஆம்பியர் சார்ஜரில் 10 ஆம்பியர் மணி பேட்டரி நிரம்ப 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு முழுக்க விட்டுத் தூங்குவது வேண்டாம். கட்டில், சோபா, மாடிப்படி, வாசற்கதவு ஓரம் எங்கும் சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழி படியும் வாசலும்தானே. புகை வந்தால் தூக்கிக்கொண்டு ஓட முயலாமல் வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள்.

பல அடுக்குமாடிச் சங்கங்கள் கீழ்த்தளத்தில் சார்ஜ் போடக் கூடாது என்று ஒரேயடியாகத் தடை போடுகின்றன. விளைவு, எல்லோரும் படுக்கையறையில் போடுகிறார்கள். அந்தச் சார்ஜர் இழுப்பது 100 வாட் அளவு, சீலிங் ஃபேனைவிடச் சற்று அதிகம். மின்கட்டணம் ஒரு சாக்காக முடியாது. காற்றோட்டமான வெளிச்சுவர் ஓரம், படிக்கட்டிலிருந்து தள்ளி, சிமென்ட் தரையில், தனி எம்சிபியோடு (மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டு பிளக் பாயின்ட் வைத்துக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

மாட்டிய பின் வரும் சில்லறைத் தொல்லைகள். வண்டி உதறி உதறி ஓடினால் முதலில் மோட்டார் ஒயரின் 9 பின் பிளக்கைப் பாருங்கள். அம்புக்குறிக்கு நேர் அம்புக்குறி வைத்து, கோடு மறையும்வரை அழுத்த வேண்டும். பாதிக் கேஸ் அங்கேயே முடியும். முடியாவிட்டால், மோட்டார் சுற்றும் நிலையைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார். மெல்லிய சிவப்பு, கறுப்பு ஒயருக்கு நடுவே மல்டிமீட்டரில் 5 வோல்ட் வர வேண்டும். பிறகு சக்கரத்தைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் மஞ்சள், பச்சை, நீலம் மூன்றிலும் வோல்டேஜ் ஏறி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்தச் சென்சார் போய்விட்டது. கியர் மோட்டாரை முன்னோக்கிச் சுற்றிச் சோதிப்பதில் பயனில்லை, உள்ளே ஃப்ரீவீல் வழுக்கிவிடும். பின்னோக்கிச் சுற்றும்போது சக்கரம் விட்டு விட்டுத் தடுக்கி, பிளக்கை உருவியதும் இலகுவாகிவிட்டால் கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் எரிந்திருக்கிறது.

பெடல் மிதித்தும் மோட்டார் எழவில்லையா? பெடலைத் தாங்கும் கிராங்க் பக்கம் உள்ள காந்த வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், வளையத்தின் அம்புக்குறி மிதிக்கும் திசையைக் காட்ட வேண்டும். காட்டர் பின் என்ற ஆப்பு வைத்த பழைய கிராங்கில் முழு வளையம் நுழையாது. இரண்டாகப் பிரியும் வளையம் கேட்டு வாங்குங்கள். பேட்டரியைச் சொருகும்போது டப்பென்று பொறி பறப்பது கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர் நிரம்புவதால். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நாளடைவில் பிளக்கின் முனை கரிந்துவிடும். பொறி தடுக்கும் கனெக்டர் போட்டால் போதும்.

மழை. மோட்டார் தூறலைத் தாங்கும், முழுக்குப் போட்டால் தாங்காது. தண்ணீர் தேங்கிய அண்டர்பாஸில் ஆக்சில் மூழ்க இறங்கினால் ஒயர் வழியே உள்ளே போய் பேரிங்கும் சென்சாரும் துருப்பிடிக்கும். ஆக்சிலிலிருந்து வரும் ஒயர் முதலில் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏற வேண்டும். நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பைப்பைக் கிட்டவே விடாதீர்கள். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை, டியூபை ஒரு பக்கம் உருவி ஒட்டச் சொல்லுங்கள்.

சட்டமும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 2(யு) படி, மோட்டாரின் முப்பது நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பதிவு, லைசென்ஸ் வேண்டாம். இதைச் சொல்லும் கடைக்காரர்கள் அதே விதியில் உள்ள இன்னொன்றைச் சொல்வதில்லை: விதி 126இல் குறிப்பிட்ட சோதனை நிறுவனம் ஒன்று இதைச் சரிபார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ஆகவே ஒப்புதல் சான்றின் நகலைக் கேளுங்கள், அது எந்த மாடலுக்குத் தரப்பட்டது என்று படித்துப் பாருங்கள். 500, 1000 வாட் கிட்டுகளைச் சைக்கிளில் மாட்டி "நம்பர் பிளேட் தேவையில்லை" என்று விற்பது பச்சைப் பொய். அந்த வண்டி யாரையாவது இடித்தால் பதிவும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை, நஷ்டஈடு ஓட்டியவர் தலையில் விடியும்.

உயிர் போன பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள்; அங்கே சுத்தியலால் உடைப்பார்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கும் அன்றே, பழையதை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டு வையுங்கள்.

தங்கள் நாளிதழ் வழியாக விற்பனையாளர்களுக்கு ஒரு கோரிக்கை. பில்லில் "எலக்ட்ரிக் கிட் 1" என்று மட்டும் எழுதாமல் மோட்டாரின் வாட், ஆர்பிஎம், ரிம்மின் மி.மீ. அளவு, செல் தயாரிப்பாளரின் பெயர், வரிசை எத்தனை, வரிசைக்குச் செல் எத்தனை, கன்ட்ரோலர் ஆம்பியர் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்களும் இது இல்லாத பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பழுதுக்கு எடுத்துப் போகும்போது மெக்கானிக் முதலில் கேட்கப் போவதும் இதைத்தான்.

இப்படிக்கு,
சைக்கிள் மற்றும் மின்சைக்கிள் பழுதுபார்ப்போர் இருவர்,
அல்சூர், பெங்களூரு.